லயத்துக் குளிரூட்டியும் அதன் ஆண்டுப் பராமரிப்பும்: ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

வீட்டு ஏசியை ஆண்டு முழுவதும் எப்படிப் பேணுவது என்று கொழும்பில் கேட்டால் பத்துப் பேர் பதினொரு யோசனை சொல்வார்கள். ஹட்டனில் கேட்டால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இலங்கையிலேயே மிகப் பழையதும், ஒரு நாளும் நிறுத்தப்படாததும், மின் கட்டணம் இல்லாததுமான வீட்டுக் குளிரூட்டி மலையகத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயமே என்று இக்கட்டுரை நிறுவுகிறது. அதன் பாகங்களை வகுத்து, பருவந்தோறும் செய்ய வேண்டிய பராமரிப்பைத் தொகுக்கிறது. கருவி யாருடையது, பராமரிப்பு யாருடையது என்ற நெடுநாள் வழக்குக்கு முடிவில் ஒரு தீர்ப்பும் சொல்கிறது.

1. ஆய்வின் தேவையும் களமும்

தேயிலைச் செடிக்கு 1925ஆம் ஆண்டிலிருந்து ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இன்றும் இயங்கும் அந்நிலையம், செடிக்கு எந்த மாதத்தில் என்ன நோய் வரும், எந்த மண்ணுக்கு எந்த உரம் என்று நூறாண்டாக ஆராய்ந்து வருகிறது. பயனுள்ள வேலை, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தச் செடியில் கொழுந்து பறிக்கிறவர் இரவில் படுக்கும் அறைக்கென்று அப்படி ஒரு நிலையம் இல்லை. எந்த மாதத்தில் எந்த மூலை ஒழுகும், எந்தக் காற்றுக்கு எத்தனை கல் ஏற்ற வேண்டும் என்ற அறிவெல்லாம் கிழவிமாரின் வாய்மொழியிலேயே கிடக்கிறது. அதை ஏட்டில் ஏற்றாவிட்டால் அடுத்த தலைமுறை வாளியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கும்.

ஆய்வுக் களம், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரமுள்ள ஹட்டன் தொடங்கி 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியா வரை. இடையில் கொட்டகலை, தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா. ஆய்வுப் பொருள், பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பரா ஒன்று, அதன் முன்னே ஓர் இஸ்தோப்பு, உள்ளே ஒரு குடும்பம். குடும்பம் என்பது சில காம்பராக்களில் மூன்று தலைமுறை. ஆய்வு முறை இரண்டு: உட்கார்ந்து பார்த்தல், போர்த்திக்கொண்டு பார்த்தல்.

2. கருவியின் திறன்

ஏசி வாங்கப் போகிறவரிடம் கொழும்புக் கடைக்காரர் முதலில் கேட்பது அறையின் நீள அகலத்தை. பத்துக்குப் பன்னிரண்டு என்றால் 9,000 பி.டி.யு. போதும் என்பார். 12,000 பி.டி.யு. ஒரு டன். டன் என்றதும் பெட்டியின் எடை என்று நினைப்போர் உண்டு. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகி முடிக்க எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ அதுவே ஒரு டன் குளிர். ஐஸ் கட்டியை மரத்தூளில் புதைத்து விற்ற காலத்துக் கணக்கு இன்றைய பெட்டியிலும் ஒட்டிக்கொண்டு வருகிறது.

நம் கருவியின் திறனை அறிய உயரத்தைக் கொண்டு கணக்கிட வேண்டும். ஆயிரம் மீற்றர் ஏறினால் காற்று சராசரியாக ஆறரை பாகை குளிரும். கொழும்பின் ஆண்டுச் சராசரி 27 அல்லது 28 பாகை. 1,868 மீற்றருக்காக அதில் 12 பாகையைக் கழித்தால் மீதி 15 அல்லது 16. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரியும் ஏறக்குறைய அதுவே. இனி ஏசியின் ரிமோட்டை எடுத்துக் கீழ்ப்பொத்தானை அழுத்திக்கொண்டே போங்கள். பெரும்பாலான ரிமோட்டுகள் 16இல் நின்றுவிடும். அப்புறம் கட்டைவிரல் தேய்ந்தாலும் இறங்காது. ஆகவே, ஆண்டவன் நுவரெலியாவுக்கு வந்து 16 வரைக்கும் அழுத்திவிட்டு ரிமோட்டைக் கிரகரி வாவியில் போட்டுவிட்டான் என்பது இவ்வாய்வின் முதல் கருதுகோள். ஆளுநர் வில்லியம் கிரகரி அந்த வாவியை உண்டாக்கியதே 1873இல்தான், குளிரோ அதற்கு முந்தியது என்று மறுப்போர் உண்டு. அவர்கள் ஆண்டுக் கணக்கில் புலிகள், அனுபவத்தில் கத்துக்குட்டிகள்.

சராசரி என்பது ஆபீசில் உட்கார்ந்து எழுதும் எண். தை, மாசி இரவுகளில் மேகமும் காற்றும் இல்லாதபோது தரையின் சூடெல்லாம் மேலே போய்விடும். விடியும்போது நுவரெலியா குதிரைப் பந்தயத் திடலில் புல் வெள்ளை வெளேரென்று நிற்கும். அந்த உறைபனி பட்ட கொழுந்து வெயில் ஏறியதும் கருகிப்போகும். எந்தக் கம்பனியின் ஏசியும் இதுவரை புல்லை வெளுக்க வைத்ததில்லை. திறனில் நம் கருவி மேம்பட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ஆனாலும் ஒரு சான்று கிடைத்தது. புறக்கோட்டைத் துணிக்கடை ஒன்றில் வேலை பார்க்கும் பையன் தீபாவளிக்குத் தோட்டத்துக்கு வந்த இடத்தில், “அப்பாயி, எங்க கடையில பகல் பூராவும் ஏசி ஓடுது தெரியுமா?” என்றான். அப்பாயி அடுப்பை ஊதுவதை நிறுத்தவில்லை. “இங்க நான் வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து ஓடுதுடா. எவனாச்சும் வந்து நிறுத்துனாத் தேவல” என்றார். இத்துறையின் மூல வாக்கியமாக இதையே கொள்ள வேண்டும்.

3. முன்னோடிகள்: காகிதமும் கொழுந்தும்

நவீன ஏசியின் வரலாறு 1902இல் நியூயோர்க்கின் புரூக்ளினில் தொடங்குகிறது. வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியியலாளர் அதை ஓர் அச்சகத்துக்காக வடிவமைத்தார். காற்றில் ஈரம் ஏறி இறங்கும்போதெல்லாம் காகிதம் விரிந்து சுருங்கியது. ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் சரியாக விழவில்லை. எனவே காகிதம் சௌகரியமாக இருப்பதற்காக அந்தக் கருவி பிறந்தது. அங்கே வேலை செய்தவருக்கு வேர்த்ததா என்பது அப்போது யாருடைய கவலையும் இல்லை. மனிதருக்கு அந்தக் காற்று பின்னால்தான் கிடைத்தது.

சரக்கு முதலில், ஆள் அப்புறம் என்ற இந்தக் கொள்கை மலையகத்துக்குப் பழகியதுதான். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட நாள் முதல் இங்கே அதுவே நடைமுறை. ஐயமுள்ளவர்கள் பெக்டரி மாடிக்கு ஏறிப் பார்க்கலாம். பறித்து வந்த கொழுந்தில் முக்கால் பங்குக்கும் மேல் தண்ணீர். அதை உருட்டுவதற்குமுன் பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் வாட்டி, ஈரத்தைப் பாதிக்குச் சற்று மேல் வரை இறக்க வேண்டும். நீண்ட தொட்டிகளில் வலை விரித்து, அதன்மேல் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து பெரிய விசிறியால் காற்றைத் தள்ளுகிறார்கள். மழை நாளில் வெளிக்காற்று ஈரமாக இருந்தால் சூட்டுக் காற்றைக் கலந்து கொடுக்கிறார்கள். பக்கத்தில் இரண்டு வெப்பமானிகள் இருக்கும். ஒன்றின் குமிழைச் சுற்றி ஈரத்துணி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால் காற்று இன்னும் எவ்வளவு ஈரம் குடிக்கும் என்று தெரிந்துவிடும். நள்ளிரவு இரண்டு மணிக்கும் டீமேக்கர் எழுந்து வந்து ஒரு பிடி கொழுந்தை அள்ளி, உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து, விட்டுப் பார்ப்பார். பந்தாக நின்றால் பதம்.

அதே இரண்டு மணிக்கு அந்தக் கொழுந்தைப் பறித்தவர் கூப்பிடு தூரத்தில் இருக்கும் லயத்தில், விசிறியும் இல்லாமல் வெப்பமானியும் இல்லாமல் வாடிக்கொண்டிருப்பார். அவரை யாரும் பிடித்துப் பதம் பார்ப்பதில்லை.

அடுத்த சான்று தொரை பங்களா. பழைய பங்களா எதில் நுழைந்தாலும் நடுக்கூடத்தில் கணப்பு இருக்கும், கூரைக்கு மேலே புகைபோக்கி நிற்கும். வெள்ளைக்காரருக்கு இந்த மலையின் குளிர் தெரியாது, அதனால்தான் லயத்தை இப்படிக் கட்டிவிட்டார்கள் என்று சொல்லும் அறிஞர்கள் புகைபோக்கியை அண்ணாந்து பார்க்கவில்லை என்றே கொள்ள வேண்டும். ஒரே தோட்டம், ஒரே மலை, ஒரே காற்று. பங்களாவைக் கட்டியவருக்குக் குளிர் தெரிந்திருக்கிறது. லயத்தைக் கட்டியபோது அது மறந்துவிட்டது. மறதி எல்லாத் தோட்டங்களிலும் ஒரே அளவில் வந்திருப்பதுதான் வியப்பு.

4. பாகங்கள்

ஏசிக்கு உள்ளே ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி. இடையே வாயுக் குழாய், நீர் வழியக் குழாய், தூசி பிடிக்க வடிகட்டி. லயத்துக் குளிரூட்டியிலும் இவை குறைவில்லாமல் உள்ளன.

வெளிப்பெட்டி: தகரக் கூரை. கொழும்பில் வெளிப்பெட்டியின் மெல்லிய தகடுகளைக் கடற்காற்றின் உப்பு அரிக்கும். ஆண்டுக்கு ஒருமுறையாவது நல்ல தண்ணீரில் கழுவச் சொல்வார்கள். இங்கே உப்பு இல்லை, ஆணிதான் எதிரி. பகல் வெயிலில் தகரம் நீளும். மாலை ஐந்தரைக்கு மேல் ‘டக், டக்’ என்று சத்தமிட்டுச் சுருங்கும். நீண்டு சுருங்கி, நீண்டு சுருங்கி, ஆணி ஓட்டை நாளுக்கு நாள் பெரிதாகும். துத்தநாகப் பூச்சு உரிந்த அந்த ஓட்டையின் ஓரத்தில்தான் துரு முதலில் பிடிக்கும். லயத்துக் கூரை பெரும்பாலும் நடுவில் ஒழுகாமல் ஆணி வரிசையில் ஒழுகுவதன் காரணம் இதுவே.

வடிகட்டி: பத்திரிகை. ஏசி வடிகட்டியை அதிகம் ஓடும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவி, நிழலில் காயவைத்து மாட்ட வேண்டும். லயத்தில் பலகை இடுக்கிலும் சுவர் வெடிப்பிலும் கோதுமை மாப்பசை பூசி ஒட்டிய வீரகேசரியும் தினகரனும் அந்த வேலையைச் செய்கின்றன. இதைக் கழுவ முடியாது. மேலே மேலே ஒட்டத்தான் முடியும். பழைய காம்பரா ஒன்றின் சுவரை ஓரத்தில் உரித்துப் பார்த்தால் மலையகத்தின் வீட்டுத் திட்ட வரலாறு அடுக்கடுக்காக வரும். லயங்கள் ஒழிந்து தனி வீடு வரும் என்ற செய்தியின் மேல், தனி வீடு வரும் என்ற அடுத்த ஆட்சியின் செய்தி. வாக்குறுதிக்கு வெப்பத்தைக் காக்கும் குணம் உண்டு என்பதை இத்துறை இதுவரை கவனிக்கவில்லை. ஏழெட்டுத் தேர்தல் தடிமன் சேர்ந்த சுவரில் காற்று நுழைவது கடினம்.

வடிகால்: வாளி, சட்டி, கான். ஏசி காற்றிலுள்ள ஈரத்தைக் குளிர்ந்த குழாயில் படியவைத்து நீராக வெளியே விடுகிறது. அந்த வடிகுழாயில் பாசி அடைத்தால் நீர் சுவரில் வழியும். லயத்திலும் இதே விதி. ஒரு பொட்டு மழை இல்லாத இரவிலும் தகரம் சொட்டும். ஆறேழு பேரின் மூச்சும் சோற்றுப் பானையின் ஆவியும் மேலே ஏறி, குளிர்ந்த தகரத்தில் பட்டுத் தண்ணீராகி, தகரத்தின் மடிப்பு வழியே இறங்கி, சரியாக யாருடைய காதில் விழ வேண்டுமோ அவர் காதில் விழும். கூரையில் ஓட்டை இல்லையே என்று வியக்க வேண்டாம். கருவி சரியாக வேலை செய்கிறது என்று பொருள்.

வாயு: புகை. கொழும்பு ஏசியில் ஆர்-32, ஆர்-410ஏ என்று பலவகை உண்டு. இங்கே ஒரே வகைதான்: கவ்வாத்து வெட்டிய மிலாறு எரியும்போது வருவது. ஏசியில் வாயு குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் நிரப்பிக்கொண்டே போவது வீண்செலவு. லயத்தில் வாயு கசியாததே கோளாறு. புகைபோக்கி இல்லாத குசினியில் அது தங்கி, அடுப்புக்கு மேலே அடுக்கிய ஈர மிலாறைக் காயவைக்கும். கொடியில் தொங்கும் பள்ளிக்கூடச் சட்டையைக் காயவைக்கும். சமைக்கிறவரின் நெஞ்சையும் காயவைக்கும். முதல் இரண்டுக்காக மூன்றாவதைப் பொறுத்துக்கொள்கிறார்கள். அந்த இருமலுக்கு எந்தக் கம்பனியும் உத்தரவாத அட்டை தந்ததில்லை.

5. பராமரிப்பு நாட்காட்டி

தொல்காப்பியர் குறிஞ்சிக்குப் பெரும்பொழுதாகக் கூதிரையும் முன்பனியையும், சிறுபொழுதாக யாமத்தையும் வகுத்தார். அவர் ஹட்டன் பக்கம் வந்ததற்குச் சான்றில்லை. ஆனாலும் மலைக்குளிர் நள்ளிரவில்தான் கடிக்கும் என்று அறிந்திருக்கிறார். இலங்கை வானிலைத் திணைக்களம் ஆண்டை நான்கு பருவமாகப் பிரிக்கிறது. இவ்வாய்வு இருவரையும் மதித்து நான்கு பருவமும் ஒரு யாமமும் கொள்கிறது.

டிசம்பர் முதல் பெப்ரவரி வரை. கருவி முழு வேகத்தில் ஓடும் காலம். தைப்பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதே வடிகட்டி ஒட்டும் வேலையையும் முடித்துவிட வேண்டும். பசையில் கொஞ்சம் துருசு கலந்தால் கரப்பான் அண்டாது. பிள்ளைகள் கையில் படாமல் பார்த்துக்கொள்வது அவசியம். கம்பளியை வெயில் கண்ட நேரமெல்லாம் தேயிலைச் செடியின் மேல் விரித்துக் காயவைக்க வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை அடிக்கும் இந்த வறண்ட குளிர்காற்றால்தான் திம்புள்ளப் பகுதித் தேயிலைக்கு நல்ல மணமும் ஏலத்தில் நல்ல விலையும் கிடைக்கின்றன. நம்மை நடுங்க வைக்கும் காற்று லண்டன் கோப்பையில் மணக்கிறது என்று அறிந்தபின் நடுக்கம் குறைந்ததாக யாரும் சொல்லவில்லை.

மார்ச், ஏப்ரல். ஆண்டுச் சேவைக்கு உரிய காலம் இது ஒன்றே. காலையில் வெயில், பின்னேரம் இடிமழை. எனவே கூரை வேலையைப் பகல் பன்னிரண்டுக்குள் முடிக்க வேண்டும். முறை வருமாறு. தகரத்தில் நடுவே நடக்கக் கூடாது. மரம் ஓடும் இடம் பார்த்து, ஆணி வரிசை மேல் கால் வைக்க வேண்டும். ஆடும் ஆணியைப் பிடுங்கி, தேய்ந்த ரப்பர் செருப்பில் வட்டமாக வெட்டிய துண்டை அதில் கோத்து, பழைய ஓட்டைக்குப் பக்கத்தில் தகரத்தின் மேட்டில் அடிக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் நேராக உள்ளே வரும். பழைய ஓட்டையை, பால்மா டின்னில் உருக்கிய தாரில் தோய்த்த சேலைக் கிழிசலால் மூட வேண்டும். நூல் சேலை உத்தமம், நைலக்ஸ் சுருண்டுவிடும். ஒரு சோடிச் செருப்பில் நாற்பது வளையம் வெட்டலாம் என்பது மேட்டு லயத்தார் கொள்கை. குதிகால் பகுதி மட்டும்தான் பயன்படும், இருபதுக்கு மேல் தேறாது என்பது பணிய லயத்தார் கொள்கை. வழக்கு இன்னும் தீரவில்லை.

இதே ஏப்ரலில்தான் நுவரெலியாவில் வசந்த காலம். மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், வாவியில் படகு. கொழும்பிலிருந்து வருகிறவர்கள் ஓர் இரவுக் குளிருக்கு ஹோட்டலில் கொடுக்கும் பணத்தை, கூரை மேலிருந்து ஆணி அடித்துக்கொண்டே கணக்குப் பார்க்கிறவர் விரலை நசுக்கிக்கொள்ள நேரும். பார்க்க வேண்டாம்.

மே முதல் செப்டம்பர் வரை. தென்மேல் பருவக்காற்று. காற்று கூரையின் மேல் வேகமாக ஓடும்போது மேலே அழுத்தம் குறைந்து, உள்ளே இருக்கும் காற்று தகரத்தை அடியிலிருந்து தள்ளும். டேனியல் பெர்னூலி 1738இல் வெளியிட்ட நூலில் ஓடும் பாய்மத்தின் அழுத்தம் பற்றி எழுதினார். லயத்தார் அந்த நூலைப் படிக்கவில்லை. கல்லைத் தூக்கி வைத்தார்கள். கல், பழைய லொறி டயர், மணல் மூட்டை மூன்றில் டயரே சிறந்தது. கல் உருண்டால் தகரத்தோடு தலையும் போகும். இதே காற்று மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது மழையை இங்கே கொட்டிவிட்டு வறண்டுபோகிறது. அதனால் பண்டாரவளை, பதுளைப் பக்கத்துத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை மணம் ஏறுகிறது. ஹட்டனில் தகரம் பறக்கிறது, ஊவாவில் மணம் பறக்கிறது. கம்பனியின் கணக்கில் இரண்டில் ஒன்று மட்டும் பதிவாகும்.

ஒக்டோபர், நவம்பர். எங்கிருந்து மழை வரும் என்று சொல்ல முடியாத காலம். இங்கே ஆய்வாளர் நையாண்டியைக் கொஞ்சம் ஓரம் வைக்கிறார். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. லயத்தின் பின்னால் நிற்கும் மேட்டைப் பாருங்கள். கானில் குப்பை அடைக்க விடாதீர்கள். மேட்டில் புதிதாக வெடிப்புத் தெரிந்தாலோ, இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்பினாலோ, ஓடும் தண்ணீர் திடீரென்று சேறானாலோ, மரம் சாய்ந்தாலோ நடுச்சாமம் என்று பார்க்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு விலகிவிடுங்கள். இந்தக் கோளாறுக்கு வேறு பழுதுபார்ப்பு கிடையாது.

யாமம். நாள்தோறும் செய்ய வேண்டியது. அடுப்பின் தணலைச் சாம்பலால் மூடி வைக்க வேண்டும். காலையில் ஐந்து மணிக்கு ஊதினால் பிடித்துக்கொள்ளும். படுக்கும் வரிசையில் சின்னவர்கள் நடுவில், பெரியவர்கள் ஓரத்தில், கதவுப் பக்கம் வீட்டுத் தலைவர். வாளி ஒழுகும் இடத்தில். வாளிக்குள் ஒரு துணி போட்டால் சொட்டும் சத்தம் கேட்காது. இந்த நுட்பம் எந்த ஏசிக் கையேட்டிலும் இல்லை.

6. கோளாறும் புகார் முறையும்

ஏசி பழுதானால் கம்பனிக்கு போன் பண்ணினால் ஆள் வருவார். லயம் பழுதானால் கடைப்பிடிக்க வேண்டிய முறை இது. தோட்டத் தலைவரிடம் சொல்ல வேண்டும். தலைவர் பெரட்டில் கணக்கப்பிள்ளையிடம் சொல்வார். கணக்கப்பிள்ளை ஆபீசில் சொல்வார். ஆபீசில் கிளாக்கர் கொப்பியில் எழுதுவார். தோட்டத்து பாஸ் வந்து கூரையை அண்ணாந்து பார்த்து, “தகரம் இல்ல, வந்தாப் பாப்போம்” என்பார். அந்தத் தேதியிலிருந்து கருவி பழுதுபார்ப்பில் இருப்பதாகக் கொள்ளப்படும்.

தகரம் வரும் காலமும் உண்டு. வானிலைத் திணைக்களம் கணக்கில் எடுக்காத ஐந்தாவது பருவம் அது: தேர்தல். அப்போது மேகம் இல்லாமலே தகரம் பொழியும். இப்பருவம் எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாவிட்டாலும், வந்தால் ஆறு வாரத்துக்கு மேல் நீடிக்காது. எனவே ஓட்டைகளை அதற்குமுன் எண்ணி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பருவம் முடிந்தபின் வரும் விண்ணப்பங்கள் அடுத்த பருவத்துக்கு மாற்றப்படும்.

7. மறுப்பும் விடையும்

மறுப்பு ஒன்று. ஏசி என்பது வெயில் நாட்டுக்கு வேண்டிய கருவி, மலையகத்துக்கும் அதற்கும் என்ன உறவு? விடை: பொறியியலாளர் விமலசுரேந்திர மலையகத்து ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே விரிவாக எழுதினார். இன்று நோர்வூட்டுக்கு அருகே காசல்ரீ நீர்த்தேக்கமும், பழைய மஸ்கெலியா நகரத்தை நீருக்குள் விட்டு எழுந்த மவுசாகலை நீர்த்தேக்கமும் லக்ஷபான வரிசை மின்நிலையங்களுக்குத் தண்ணீர் கொடுக்கின்றன. தலவாக்கலையில் தேக்கிய நீரில் 2012 முதல் மேல் கொத்மலையின் 150 மெகாவாட் ஓடுகிறது. ஆக, பின்னேரம் லயத்துக் கூரையில் விழும் மழை வாளியை நிரப்பி, கானில் ஓடி, ஆற்றில் சேர்ந்து, அணையில் தேங்கி, சுழலியைச் சுழற்றி, கம்பி வழியே இறங்கி, கொள்ளுப்பிட்டியில் ஒரு படுக்கையறையை 24 பாகைக்குக் கொண்டுவருகிறது. அந்த ஏசியின் வெளிப்பெட்டி சுவருக்கு வெளியே தொங்குவதாக வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டிருக்கிறார். பெரிய வெளிப்பெட்டி மஸ்கெலியாவில் இருக்கிறது. அதில் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

மறுப்பு இரண்டு. புதிய வீடுகள் வந்துவிட்டனவே, லயத்தைப் பற்றி இன்னும் என்ன ஆய்வு? விடை: வந்திருக்கின்றன, மறைப்பதற்கில்லை. இந்திய உதவியில் தோட்டங்களுக்கென 4,000 வீடுகள் திட்டமிடப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டில் பிரதமர் மோடி மேலும் 10,000 அறிவித்தார். ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்பது இப்போது எல்லாருக்கும் தெரிந்த பேச்சு. ஆனால் அறிவித்த வீட்டில் ஒருவர் படுக்க முடியாது, கட்டிய வீட்டில்தான் படுக்க முடியும். கட்டிய வீட்டுக்கும் காணி உறுதி கையில் வரும்வரை அது இன்னொரு வகை லயமே. பழைய கருவியில் இன்றும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்க, ஆய்வை எப்படி முடிப்பது?

மறுப்பு மூன்று. இத்தனை ஆண்டு பழகியவர்களுக்குக் குளிர் ஒரு பொருட்டா? இதைச் சொல்கிறவர் எப்போதும் ஸ்வெட்டர் போட்டிருக்கிறார் என்பது கள ஆய்வில் தெரிந்தது. விடை தேவையில்லை.

8. முடிவும் பரிந்துரையும்

கண்டவற்றைத் தொகுத்தால் ஒரு சட்டச் சிக்கல் எஞ்சுகிறது. உலகில் எந்தப் பொருளுக்கும் உரிமையாளர் ஒருவர் இருப்பார். பராமரிப்பை அவர் செய்வார், அல்லது கூலி கொடுத்துச் செய்விப்பார். வாடகை வீட்டில் ஏசி பழுதானால் வீட்டுக்காரரைத்தான் கேட்கிறோம். லயத்தில் நிலம் அரசுடையது. 1992 முதல் குத்தகை கம்பனிகளுடையது. ஆணி, தார், செருப்பு, சேலைக் கிழிசல், மாப்பசை, வாளி, ராத்தூக்கம் எல்லாம் குடியிருப்பவருடையது. கம்பளியைக்கூட அந்தக் காலத்தில் கொடுத்துவிட்டுச் சம்பளத்தில் கழித்துக்கொண்டார்கள். 1823இல் தோட்டத் தொழிலாளரின் முதல் தொகுதியினர் வந்ததிலிருந்து இருநூறு ஆண்டு ஆனதை 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து நினைவுகூர்ந்தோம். அவ்வளவு காலம் ஒரு பொருளைத் தன் கைக்காசில் பழுதுபார்த்தவரை ‘குடியிருப்பவர்’ என்று மட்டும் எழுதி வைக்கும் பதிவேடு பிழையான பதிவேடு.

எனவே இவ்வாய்வின் பரிந்துரைகள் மூன்று. கொழும்பில் ஏசி வைத்திருப்போர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வடிகட்டியைக் கழுவி, 26இல் வைத்து, மின்சாரத்தை மிச்சம் பிடிக்க. அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறதென்று பிள்ளைகளுக்கும் சொல்க. தோட்டக் கம்பனிகள், கொழுந்து வாட்டும் மாடியில் தொங்கும் வெப்பமானிகளில் ஒரு சோடியை ஒரே ஓர் இரவு ஒரு லயக் காம்பராவில் மாட்டி, காலையில் தொரையே வந்து வாசிக்க. அரசு, இதுவரை நடந்த பராமரிப்பைப் பணமாகக் கணக்கிட வேண்டாம், கணக்கிட்டால் கட்டுப்படியாகாது. அதற்கு ஈடாக வீட்டையும் ஏழு பேர்ச் காணியையும், பராமரித்தவர் பெயருக்கே, வீட்டுப் பெண்ணின் பெயரும் சேர்த்து, உறுதி எழுதிக் கொடுக்க. கூரையில் ஆணி அடிப்பதை அதற்குப் பிறகும் நாங்களே பார்த்துக்கொள்வோம்.